ஒரே பஸ், மூன்று முறை

அத்தியாயம் 6

இதுவரை எத்தனை குற்றவாளிகளைப் பிடித்திருக்கிறீர்கள் என்று கேட்டால், துப்பறிவாளர் ராக்கப்பன் தன் கைவிரல்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். தேனி பங்களாமேட்டில், உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அவருடைய 'கழுகு துப்பறியும் நிலைய'த்துக்கு வந்து சேர்பவை எல்லாம், மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு ஏற்கெனவே பூ வைத்து நின்றுபோனதா என்ற வகை விசாரணைகள்தான். போதாக்குறைக்குக் கழுகின் கண்ணாடி மைனஸ் ஐந்து.

ஆகவே, 2009 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அக்கம்மாள் என்ற பெண்மணி மாடியேறி வந்து, மேஜைமீது ஒரு புகைப்படத்தை வைத்து, "இதுல இருக்குறது எங்க வீட்டுக்காரரு. இவரு களவாணி இல்லேன்னு நீங்கதான் நிரூபிச்சுக் குடுக்கணும்" என்றபோது, ராக்கப்பனின் முதுகு தானாக நிமிர்ந்தது.

புகைப்படத்தைப் பார்த்ததும் அதே முதுகு தானாக வளைந்தது.

எதிர் மேஜையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த உதவியாளர் ஜெபராணி எட்டிப் பார்த்தாள். "சார், இது நம்ம ஒம்போது மார்க்குப் படம்ல்ல?"

இங்கே ஒரு உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வழக்கு வராத மாதங்களில் ராக்கப்பன் கம்ப்யூட்டர் ஆலோசனையும் செய்வார். இரண்டு வாரத்துக்கு முன் உத்தமபாளையத்து ஸ்டூடியோக்காரர் நவாஸ், மூன்று சாஃப்ட்வேர்களில் எதை வாங்கலாம் என்று கேட்டு அவரிடம் வந்திருந்தார். மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை.

அந்த வேலை இதுதான். டீக்கடைக்குள் உட்கார்ந்து வாசலைப் பார்த்தால், உள்ளே இருக்கும் பாய்லரும் தெரிகிறது, வெளியே வெயிலில் நிற்கும் சைக்கிளும் தெரிகிறது. கண்ணின் சாமர்த்தியம் அது. கேமராவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. பாய்லர் தெரிய எடுத்தால் வாசல் வெள்ளைச் சுவராகிவிடும். சைக்கிள் தெரிய எடுத்தால் கடைக்குள் கரி அப்பிவிடும். ஆகவே கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, அதே காட்சியை இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று மூன்றாக எடுப்பார்கள். சாஃப்ட்வேர் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் நல்ல பாகத்தைப் பொறுக்கி, ஒரே படமாக்கித் தரும்.

ராக்கப்பன் இதைப் பதினோரு பக்க அறிக்கையாக எழுதினார். அதைத் தட்டச்சு செய்த ஜெபராணி, மூன்று சாஃப்ட்வேர்களுக்கும் தன் வசதிக்குப் பெயர் வைத்தாள். விலை உயர்ந்ததற்கு 'மாப்பிள்ளை'. எந்தப் படத்தையும் திருவிழாக் கடை நிறத்துக்கு மாற்றிய இரண்டாவதற்கு 'பவுடர் டப்பா'. பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டில் இருந்த மூன்றாவதற்கு 'ஓட்டைவாய்'.

மூன்று படங்களையும் எடுத்து முடிப்பதற்குள் ஏதாவது நகர்ந்துவிட்டால், அடுக்கும்போது அது மூன்று இடத்தில் தெரியும். மாப்பிள்ளை அந்த அசைவுகளைக் கண்டுபிடித்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் துடைத்து, சில சமயம் மொத்தத்தையும் துடைத்து, சுத்தமான படத்தைத் தரும். ஓட்டைவாய் எதையும் மறைக்காது. பார்த்ததை எல்லாம் உளறிக் கொட்டிவிடும். அதன் படத்தில் ஒரே பஸ் மூன்று பஸ்ஸாக வரிசையில் நின்றது. ராக்கப்பன் மாப்பிள்ளைக்கு ஒன்பது மார்க் போட்டார். ஓட்டைவாய்க்கு ஒன்று, அதுவும் குறுந்தகட்டின் உறை அழகாக இருந்ததற்காக.

மேஜைமேல் இருந்தது, சோதனைக்காக நவாஸ் எடுத்த காட்சிக்கு மாப்பிள்ளை தந்த படம். விடியற்காலை வானம், வயல், வாய்க்கால் நிறையத் தண்ணீர், அதில் தலைகீழாகச் சிவந்த மேகம். ஓரத்தில், மரநிழலில், தோளில் பச்சைத் துண்டோடு ஒருவர் குனிந்து மடைப்பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பலகை உயரே இருந்தது. கீழே தண்ணீர் பாய்ந்தது.

"அது தவசி. எங்க வீட்டுக்காரரு" என்றாள் அக்கம்மாள். "அனுமந்தன்பட்டியில இருவத்திரெண்டு வருசமா மடை பாக்குறாக. எந்த வயலுக்கு எந்தக் கிழமை தண்ணின்னு பாத்துத் தெறந்து அடைக்கிற வேலை. படம் புடிச்சது செவ்வாக்கெழமை. செவ்வாக்கெழமை இந்தக் கீழமடைக்கு முறை கெடையாது. அடைச்சுத்தான் கெடக்கணும்."

"அப்புறம் எப்படித் திறந்தது?"

"யாரோ தெறந்து விட்டுட்டாக. இவுக தண்ணிச் சத்தம் கேட்டு ஓடிப்போயி அடைச்சாக. இந்தப் படத்தை ஸ்டூடியோக்காரரு காலண்டருக்குன்னு விவசாயிகள் சங்கத்துக்கு அனுப்புனாக பாருங்க, அதை வச்சுத்தான் வெனை. இவுகளே தெறந்து தண்ணிய வித்துட்டாகன்னு சங்கத்துல பேசுறாக. இன்னிக்கு ஜும்மா முடிஞ்சு மூணு மணிக்குக் கூட்டம். மடைச் சாவியத் திருப்பிக் குடுத்துட்டுப் போன்னு சொல்லிருவாக. வேலை போனாப் போகட்டும், ஆனா அந்தப் பேரோட ஊருக்குள்ள எப்படி நடமாடுறது?"

ராக்கப்பன் கண்ணாடியைத் துடைத்தார். "அம்மா, திறக்கிறவரும் இப்படித்தான் குனிவார், அடைக்கிறவரும் இப்படித்தான் குனிவார். ஒரு படத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது."

"ஒம்போது மார்க்கு மட்டும் போட முடிஞ்சுச்சு" என்று ஜெபராணி தட்டச்சுப் பலகையைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த வார்த்தை குத்தியதில்தான் ராக்கப்பனுக்கு மூளை விழித்தது. நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்த வேகத்தில் மின்விசிறியின் இழுகயிறு காதில் மாட்டியது, விடுவித்துக்கொண்டு சொன்னார்: "ஜெபராணி, இது ஒரு படமே இல்லை. மூன்று படம்! மூன்று வெவ்வேறு நேரம். பலகை முதலில் எங்கே இருந்தது, கடைசியில் எங்கே இருந்தது என்று தெரிந்தால் திறந்தாரா அடைத்தாரா என்பது தெரிந்துவிடும். மாப்பிள்ளை மறைத்ததை ஓட்டைவாய் உளறியிருக்கும்!"

"நம்ம அறிக்கையில அந்தப் படம் ஒட்டியிருக்கே சார்."

அறிக்கையில் ஒட்டியிருந்தது தீப்பெட்டி அளவு ஜெராக்ஸ். அதில் வானமே வாய்க்கால் மாதிரி இருந்தது.

"கெளம்புங்க" என்றாள் ஜெபராணி. "கம்பம் பஸ்ஸு பத்தே முக்காலுக்கு."

*

உத்தமபாளையத்தில் நவாஸ் டிஜிட்டல் ஸ்டூடியோவுக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி பன்னிரண்டேகால். நவாஸ் முப்பது வயதுக்காரர், ஒல்லியானவர், எப்போதும் சிரித்த முகம். இன்று சிரிப்பு பாதிதான் வந்தது.

"வாங்க சார். சர்பத் சொல்லட்டா?"

"முதலில் அந்த மூன்று ஒரிஜினல் படங்கள்."

"இல்லையே சார். அன்னிக்கே கம்பத்துல ஒரு நிக்காஹ். கார்டை அழிச்சுட்டுக் கொண்டு போயிட்டேன். சாஃப்ட்வேர்ல போட்டெடுத்த மூணு ரிசல்ட்டுதான் இருக்கு. சர்பத் சொல்றேன் சார்."

"அன்றைக்கு நீங்கள் போனபோது மடை திறந்திருந்ததா?"

"படம் எடுக்குற மும்முரத்துல கவனிக்கல சார். இந்தாங்க, சர்பத்."

வயிறு நிறைந்த பிறகும் மூன்றாவது கிளாஸ் வந்தது. அதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நவாஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு, "கம்ப்யூட்டரு அங்கன இருக்கு, பாத்துக்கிட்டு இருங்க. ஒண்ணேகாலுக்கு கரண்ட்டு போயிரும்" என்று சொல்லிவிட்டு ஜும்மாவுக்குக் கிளம்பினார். சொல்லிவிட்டுப் போனதைவிட, தப்பித்துப் போனது மாதிரி இருந்தது.

'ராக்கப்பன் சார் டெஸ்ட்' என்ற ஃபோல்டரில் ஓட்டைவாயின் படம் இருந்தது. ராக்கப்பன் அதைத் திரை நிறையப் பெரிதாக்கினார்.

ஒரு மார்க் போட்டதற்கு நியாயம் இருந்தது என்றுதான் முதல் பார்வைக்குத் தோன்றியது. தவசிக்கு ஆறு கை. மடைப்பலகை மூன்று உயரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தது. பின்னால் கம்பம் ரோட்டில் இடது ஓரம் ஒரு பஸ், நடுவில் ஒரு பஸ், வலது ஓரம் ஒரு பஸ்.

"ஏதோ டெப்போ வாசல் மாதிரி இருக்கு" என்றாள் ஜெபராணி.

"சிரிக்காதே. இந்த மூன்று பஸ்ஸையும் உற்றுப் பார். ஒன்றுபோல் இருக்கிறதா?"

"இல்ல. இடது பக்கம் இருக்குறது வெண்ணெய் தடவுன மாதிரி இழுகிக் கெடக்கு. நடுவுல இருக்குறது கொஞ்சம் பரவால்ல. வலது பக்கம் இருக்குறது பளிச்சுன்னு இருக்கு."

ராக்கப்பனுக்கு விளக்கம் சொல்வதில் இருக்கும் இன்பம் சாப்பிடுவதில்கூடக் கிடையாது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "கேமராவும் கண்ணைத் திறந்து மூடுகிறது. இருட்டான படம் வேண்டுமென்றால் கண்ணைச் சட்டென்று சிமிட்டும். அந்த நேரத்துக்குள் பஸ் எங்கே போகும்? நின்றதுபோல் பளிச்சென்று விழும். வெளிச்சமான படம் வேண்டுமென்றால் கால் செகண்ட் கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். அதற்குள் பஸ் நாலைந்து முழம் போய்விடும். அந்த நாலைந்து முழமும் இழுகிவிடும்."

"அப்ப இழுகினது வெளிச்சப் படத்துல இருந்து வந்தது, பளிச்சுன்னு இருக்குறது இருட்டுப் படத்துல இருந்து வந்தது."

"அதேதான். இப்போது தவசியின் கைகளைப் பார். எந்தக் கை இழுகியிருக்கிறது?"

ஜெபராணி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். "பலகை உச்சியில இருக்குறப்ப உள்ள கை இழுகியிருக்கு. பலகை கீழ இருக்குறப்ப உள்ள கை பளிச்சுன்னு இருக்கு."

"ஆக, வெளிச்சப் படத்தில் பலகை மேலே. இருட்டுப் படத்தில் பலகை கீழே." ராக்கப்பன் விரலை உயர்த்தினார். "இனி வரிசைதான் பாக்கி. எடுத்தது விடியற்காலை. விடிய விடிய வெளிச்சம் கூடும். ஆகவே இருட்டுப் படம் முதலில், வெளிச்சப் படம் கடைசியில். அப்படியென்றால் பலகை முதலில் கீழே, கடைசியில் மேலே..."

உயர்த்திய விரல் அப்படியே நின்றது. கீழிருந்து மேலே போனால் அது திறப்பது. தன் கட்சிக்காரரின் புருஷனைத் தானே குற்றவாளி என்று நிரூபித்துவிட்டோம் என்பது அவருக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆனது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வழக்கைத் துப்புத் துலக்கியிருக்கிறார். தவறான பக்கத்துக்கு.

"பிரின்ட் போடு" என்றார் கம்மிய குரலில். "அந்த அம்மாவிடம் காட்டியாவது..."

பிரின்டர் படத்தைத் துப்பி முடித்த நொடியில் கரண்ட் போனது. யுபிஎஸ் அலறியது. ஜெபராணி பிரின்டை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். நவாஸ் நெகட்டிவ் பார்க்க வைத்திருந்த பழைய உருப்பெருக்கிக் கண்ணாடியை அதன்மேல் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"சார், எத்தனை செகண்டுல எடுத்திருப்பாரு மூணு படத்தையும்?"

"ஒவ்வொன்றுக்கும் கேமராவின் திருகைத் திருப்ப வேண்டும். ஐந்தாறு செகண்ட் இருக்கும்."

"அஞ்சாறு செகண்டுல அம்புட்டு விடிஞ்சுருமா? அப்ப ஒரு டீயைக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள உச்சி வெயிலு வந்துரணுமே!"

ராக்கப்பன் வாயைத் திறந்தார். அதை மூடுவது நல்லது என்று தோன்றியதால் மூடிக்கொண்டார். இருட்டும் வெளிச்சமும் கேமரா செய்த வேலை, சூரியன் செய்த வேலை அல்ல என்று சற்று முன்னால் பிரசங்கம் செய்தவரே அவர்தான்.

"இங்கன வாங்க. பளிச்சுன்னு இருக்குற பஸ்ஸைப் பாருங்க. அதோட இடது பக்கத்து முனையில என்ன தெரியுது?"

ராக்கப்பன் தன் கண்ணாடியைக் கழற்றி, உருப்பெருக்கியைப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஏணி."

"மேல சாக்கு மூட்டை ஏத்துற ஏணி. அது பஸ்ஸுக்குப் பின்னாடிதானே இருக்கும்? பின்பக்கம் இடதுன்னா முன்பக்கம் வலது. பஸ்ஸு இடதுல இருந்து வலதுக்குப் போகுது, கம்பத்தைப் பாக்க. அப்படின்னா இடது ஓரத்துல இருக்குறது முதல்ல எடுத்தது. வலது ஓரத்துல இருக்குறது கடைசியா எடுத்தது."

"இழுகிய பஸ் முதலில்!" ராக்கப்பன் கத்தினார். "அதாவது வெளிச்சப் படம் முதலில், இருட்டுப் படம் கடைசியில். பலகை முதலில் மேலே, கடைசியில் கீழே. தவசி அடைத்தார்! ஜெபராணி, நான் ஆரம்பத்திலேயே..."

"ஆரம்பத்துல நீங்க சூரியனைக் குத்தவாளிக் கூண்டுல ஏத்துனீங்க சார்."

தொழுகை முடிந்து வந்த நவாஸிடம் கேட்டார்கள். அவர் உடனே தலையாட்டினார். "ஆமா சார், நான் எப்பவும் வெளிச்சத்துல ஆரம்பிச்சுக் கொறைச்சுக்கிட்டே வருவேன். கல்யாண வீட்டுப் பழக்கம். மொத ஷாட்டுல பொண்ணு முகம் வெள்ளையா விழலேன்னா ஆல்பத்தை வாங்க மாட்டாக. கை அப்படியே பழகிருச்சு."

"இதைக் கூட்டத்தில் வந்து சொல்ல வேண்டும்."

நவாஸ் தொப்பியைக் கழற்றி மடித்தார். "நானா? ...வாரேன் சார்."

*

அனுமந்தன்பட்டி விவசாயிகள் சங்கக் கட்டிடத்தில் எழுபது எண்பது பேர் இருந்தார்கள். சுவரில் மாப்பிள்ளையின் படம் கதவளவு ஃப்ளெக்ஸாகத் தொங்கியது. அதன் அடியில் தவசி, தோளில் அதே பச்சைத் துண்டோடு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார். கையில் மடைச் சாவிகளின் கொத்து. கொடுத்துவிட்டுப் போக வந்தவர்போல் அதைத் துணியில் துடைத்து வைத்திருந்தார். கீழமடைக்கு மட்டும் பூட்டு துருப்பிடித்துப் போனதால், பலகையை யார் வேண்டுமானாலும் அவிழ்க்கக்கூடிய வெறும் சங்கிலியால் சுற்றி வைத்திருந்தார்கள். அதுவும் சங்கத்துக்குத் தெரிந்ததுதான்.

தலைவர் ஷரீப் ராவுத்தர் வெள்ளைத் தாடியைத் தடவினார். "நீங்க துப்பறியிறவரா? சொல்லுங்க. எங்களுக்கும் தவசி மேல வன்மம் கெடையாது. ஆனா படம் பொய் சொல்லாதுல்ல?"

"சொல்லும் ஐயா. இந்தப் படம் சொன்னது பொய். அந்தப் பொய்க்கு ஒன்பது மார்க் போட்டவனே நான்தான்."

கூட்டம் சிரித்தது. தன்னைத் தானே அடித்துக்கொள்கிறவனை அடிக்க யாருக்கும் கை வராது என்பதை ராக்கப்பன் தொழிலில் தெரிந்துவைத்திருந்தார். பிறகு அவர் ஓட்டைவாயின் பிரின்டைக் கையில் எடுத்து, கண் சிமிட்டலில் தொடங்கி, இழுகிய பஸ், பளிச்சென்ற பஸ், ஏணி, பலகை என்று ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். பிரின்ட் கை மாறி மாறிப் போனது. பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்:

"ஏன் சார், பஸ்ஸு ரிவர்ஸுல போயிருந்தா?"

"ஏலே, கம்பம் பஸ்ஸு முன்னால போயே நேரத்துக்கு வாரதில்ல" என்றது இன்னொரு குரல். "ரிவர்ஸுல போயி எப்ப வந்து சேரும்?"

நவாஸ் எழுந்து, வெளிச்சப் படத்தைத்தான் முதலில் எடுத்ததாகச் சொன்னார். ஷரீப் ராவுத்தர் பிரின்டைக் கண்ணுக்கு அருகில் வைத்து மூன்று பஸ்ஸையும் விரலால் தொட்டு எண்ணினார். பிறகு தவசியைப் பார்த்தார்.

"தவசி, சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்ப்பா. நாங்க தப்பாப் பேசிட்டோம்."

தவசி சாவிக்கொத்தை இடுப்பில் செருகினார். வாசலில் நின்ற அக்கம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

ராக்கப்பன் கைகுலுக்கலை எதிர்பார்த்து வலது கையைத் தயாராக வைத்திருந்தார். ஷரீப் ராவுத்தர் கை நீட்டவில்லை. ஒரு கேள்வியைத்தான் நீட்டினார்.

"சரி தம்பி. தவசி அடைச்சான். அப்பத் தெறந்தது யாரு?"

அது ராக்கப்பனின் பட்டியலிலேயே இல்லை. பாதி வழக்கோடு வெற்றி ஊர்வலம் வந்துவிட்டது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"தவசி, அங்கே வேறு யாரையாவது பார்த்தீர்களா?"

"ஒருத்தரும் இல்ல சார். படம் புடிக்கிற தம்பி மட்டும் எட்டக்க உக்காந்திருந்தாப்ல. அவரு எதுக்குத் தெறக்கப் போறாரு? அவருக்கு வயலா, வாய்க்காலா?"

கூட்டமும் அப்படித்தான் நினைத்தது. தண்ணீரைத் திருடுபவன் வயல் வைத்திருப்பான். ஆளுக்கு ஆள் பக்கத்து வயல்காரரை ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். ராக்கப்பன் நேரம் கடத்துவதற்காக ஃப்ளெக்ஸ் பக்கம் திரும்பி, ஏதோ ஆராய்வதுபோல் நின்றார். அதன் கீழ்ப்பாதி முழுக்கத் தண்ணீர். அதில் தலைகீழாக வானம். அறிக்கையில் அவர் 'பிரதிபலிப்பு மிக அருமை' என்று எழுதியிருந்த இடம். தண்ணீர் இவ்வளவு பெரிதாக விழ வேண்டுமென்றால் கேமராவைத் தரையோடு தரையாக, வாய்க்காலின் விளிம்பிலேயே வைத்திருக்க வேண்டும்...

அவருடைய முதுகு தானாக நிமிர்ந்தது.

செவ்வாய்க்கிழமை. முறை இல்லாத நாள். காய்ந்து கிடக்கும் வாய்க்காலின் விளிம்பில், முழங்கால் மண்ணில் பட உட்கார்ந்து, ஒருவன் எதற்குக் கேமராவை இவ்வளவு தாழ்வாக வைப்பான்? தண்ணீர் வரும் என்று தெரிந்தவன்தான் வைப்பான்.

அவர் மெதுவாகத் திரும்பினார். நவாஸ் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார்.

"நான்தான் தெறந்தேன்" என்றார் நவாஸ். "பத்து நிமிசம் தண்ணி ஓடுனாப் போதும், படத்தை எடுத்துட்டு அடைச்சுருவோம்னு நெனைச்சேன். அதுக்குள்ள இவுக ஓடி வந்து அடைச்சாக. அப்பச் சொல்லப் பயம். அப்புறம் இவுக மேல பழி விழுந்ததும் சொல்ல ரொம்பப் பயம். தவசியண்ணே, மன்னிச்சுக்குங்க. ஆனா ராவுத்தரே, எனக்கா இந்தப் புத்தி தோணல. சாஃப்ட்வேரைச் சோதிக்க எப்படிப்பட்ட படம் வேணும்னு சார்தான் எழுதிக் குடுத்தாக."

ஷரீப் ராவுத்தர் காகிதத்தை வாங்கி உரக்கப் படித்தார். "பிரகாசமான வானமும் அடர்ந்த நிழலும் ஒரே காட்சியில் இருத்தல் அவசியம். வானம் பிரதிபலிக்கும்படி ஓடும் நீரும் இருந்தால் சோதனை முழுமை பெறும். எப்பாடுபட்டேனும் நீரை ஏற்பாடு செய்துகொள்ளவும். இப்படிக்கு, ராக்கப்பன், கழுகு துப்பறியும் நிலையம்."

ஜெபராணிதான் முதலில் பேசினாள்.

"வாழ்த்துகள் சார். மொத மொதலா ஒரு குத்தவாளியக் கண்டுபிடிச்சுட்டீங்க."

*

முறை மீறித் தண்ணீர் திறந்தவர் அந்த வாய்க்காலை மடையிலிருந்து கடைசி வயல் வரை தூர் வார வேண்டும். அது ஊர்க் கட்டுப்பாடு. திறந்தவருக்கு ஒரு மண்வெட்டி, திறக்கத் தூண்டியவருக்கு ஒரு மண்வெட்டி என்று சங்கம் தீர்மானித்தது. வேலையைச் சரிபார்த்து முடிந்தது என்று சொல்லும் பொறுப்பு தவசிக்கு.

செவ்வாய்க்கிழமை காலை நவாஸும் ராக்கப்பனும் முழங்கால் சேற்றில் இறங்கினார்கள். கரையில் ஸ்டாண்ட் போட்டு, நவாஸின் கேமராவால் ஜெபராணி அவர்களைப் படம் எடுத்தாள். வெளிச்சமாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, இருட்டாக ஒன்று. மதியம் உத்தமபாளையம் போய், பிரின்டோடு திரும்பினாள்.

"இது மாப்பிள்ளை போட்டது."

ராக்கப்பன் சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். வாங்கியவர் மலர்ந்துபோனார். நீண்ட வாய்க்கால். அதில் ஒரே ஒரு மனிதர், மண்வெட்டியோடு கம்பீரமாக. நவாஸ் படத்திலேயே இல்லை. பார்க்கிறவர்கள் முழு வாய்க்காலையும் ராக்கப்பன் ஒருவரே தூர் வாரியதாக நினைப்பார்கள்.

"அடடா! ஒன்பது மார்க் சும்மாவா போட்டேன்? உடனே இதைச் சங்கத்தில் கொண்டுபோய்க் கொடு. வேலை முடிந்ததற்கு அத்தாட்சி."

"குடுத்துட்டுத்தான் வாரேன் சார். ராவுத்தர் பாத்தாக. பாத்துட்டு, 'இன்னொரு படம் எங்கம்மா'ன்னு கேட்டாக."

ராக்கப்பனின் மலர்ச்சி ஒரு இதழ் உதிர்ந்தது. "எந்த இன்னொரு படம்?"

ஜெபராணி இரண்டாவது பிரின்டை நீட்டினாள். ஓட்டைவாயின் படம். அதில் மூன்று நவாஸ்கள் இருந்தார்கள்: ஒருவர் குனிந்து வெட்டினார், ஒருவர் மண்ணை வாரினார், ஒருவர் கரைக்கு வீசினார். வாய்க்கால் முழுக்க ஒரே பரபரப்பு. அந்தப் பரபரப்பின் நடுவே ராக்கப்பன் மட்டும் ஒரே ஒருவராக, மண்வெட்டிக் காம்பில் தாடையை வைத்துக்கொண்டு, மூன்று படத்துக்கும் ஒரு மயிரிழை அசையாமல், கண்ணாடியின் ஆணி வரை பளிச்சென்று நின்றார்.

தவசி எட்டிப் பார்த்தார். மூன்று நவாஸையும் எண்ணினார். ஒரு ராக்கப்பனை எண்ணினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், இடுப்புச் சாவியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"நவாஸ் தம்பி வீட்டுக்குப் போகலாம். சார் நாளைக்கும் வந்துருங்க."